எந்தப் பறவை என்று கேட்டு எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடமாகக் கோழிக்கடை வைத்திருக்கிறேன். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. விமானத்தில் பறவை மோதியது என்று அடிக்கடி ஒரு செய்தி வருகிறதே, அதைப் பற்றித்தான் இது. தரையிறங்கும்போது மோதியது, பயணிகள் உயிர் தப்பினர், விமானம் ஆய்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது, அவ்வளவுதான் இருக்கும். நான்கு வரி. மோதியது என்ன பறவை என்று ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. அதைக் கேட்டு எழுதுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது எப்படித் தலையில் ஏறியது என்றால், என் தம்பி சவுதியில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்து திரும்பிப் போகிற நாளில் அம்மாவும் நானும் அவனை விட்டுவர திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். ராத்திரி மூன்றரைக்கு வீட்டிலிருந்து கிளம்பியாகிவிட்டது. அவன் உள்ளே போய் பெட்டியையும் போட்டுவிட்டான். அம்மாவுக்கு மனசு வராமல், விமானம் கிளம்பின பிறகு போகலாம் என்று வெளியே உட்கார்ந்துவிட்டாள். எட்டரை மணி இருக்கும், தம்பி போன் பண்ணுகிறான். "அண்ணா, நாங்க போக வேண்டிய விமானம் வந்து எறங்கும்போ ஏதோ பறவை அடிச்சிட்டாம். இன்னைக்குப் போவாதாம்."

அவனுடைய ரீ-என்ட்ரி விசாவுக்கு, அதாவது லீவு முடிந்து சவுதிக்குள் திரும்ப நுழைகிற அனுமதிக்கு, இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. தேதி தாண்டிவிட்டால் பன்னிரண்டு வருட வேலை போச்சு. அவனைப் போலவே இன்னும் எத்தனையோ பேர் உள்ளே. ஒரு பெண் கைக்குழந்தையோடு தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாளாம். தம்பி தன் கைப்பையிலிருந்த முந்திரிக்கொத்துப் பொதியைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டான், சவுதியில் கூட இருக்கிற பையன்களுக்கென்று அம்மா இரண்டு நாள் இருந்து செய்தது. மறுநாள் சாயங்காலம் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அடிபட்ட விமானத்தைப் பார்க்காமல் பறக்க விட முடியாது. இன்ஜினுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டு ஒவ்வொரு தகடாகப் பார்க்க வேண்டும், ஒரு தகட்டில் சின்னப் பிசிறு இருந்தாலும் அளந்து பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள்.

ஆனால் அந்த விமானத்தில் வந்து இறங்கிய குளச்சல்காரர் ஒருவர் வெளியே நின்று சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. தரை தெரிகிற நேரம், வீடும் தென்னையும் தெளிவாகத் தெரிகிறது, அப்போது இடது பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம், கதவில் யாரோ கையால் ஓங்கி அறைந்த மாதிரி. அடுத்த நிமிடம் உள்ளே கறி கருகுகிற மணம். "கோழியை வாட்டும்போ வருமே, அந்த மணம்" என்றார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த மணம். விமானத்துக்குள் நாம் மூச்சு விடுகிற காற்றே பெரும்பாலும் இன்ஜினிலிருந்து எடுத்து வருவதுதான், அதனால்தான் உள்ளே மணக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

"என்ன பறவை?" என்று அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அங்கே நின்ற ஊழியர் ஒருவரிடம் கேட்டேன், "ஏதோ பறவை சார்" என்றார். மறுநாள் பத்திரிகையிலும் அதே 'பறவை'தான். கோழியிலேயே எது நாடன், எது கறிக்கோழி என்று பார்த்ததும் சொல்கிற ஆள் நான். நூற்றுக்கணக்கான உயிரோடு வருகிற விமானத்தில் மோதினது இன்னதென்று யாருக்கும் தெரியாமல் இருக்குமா, அல்லது யாரும் கேட்கவில்லையா?

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1960 அக்டோபர் 4, அமெரிக்காவில் பாஸ்டன். ஒரு பயணிகள் விமானம் கிளம்பின சில நொடியில் பறவைக் கூட்டத்துக்குள் புகுந்து கடலில் விழுந்து 62 பேர் செத்துப் போனார்கள். இன்ஜினில் ஒட்டியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரோக்ஸி லேபோர்ன் என்ற அம்மா மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது ஸ்டார்லிங் என்று சொன்னார். நம் ஊர் மைனாவின் சொந்தக்காரப் பறவை, நூறு கிராம்கூடத் தேறாது. இத்தனை சின்னப் பறவை கூட்டமாக வந்தால் விமானத்தையே விழவைக்கும் என்று தெரிந்த பிறகுதான் இன்ஜின்களுக்குப் பறவைச் சோதனை என்ற ஒன்று முறையாக வந்தது. அந்த அம்மா பிறகு வாழ்நாள் முழுக்க இதே வேலைதான் செய்தார்.

நம் நாட்டில் நேர் எதிராக நடந்ததையும் பார்த்தோம். 2025 ஜூன் 12-ம் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது முதல் நாளே டீக்கடையில் இருந்து டி.வி. வரைக்கும் பறவை, பறவை என்றார்கள். அடுத்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கையோ, விமானம் போன பாதையில் குறிப்பிடும்படியாகப் பறவை நடமாட்டம் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது.

சரி, எந்தப் பறவை என்று தெரிந்தால் என்ன ஆகும்? யார் வீட்டுக் குப்பை என்று தெரிந்துவிடும். கள்ளப்பருந்து என்றால் பக்கத்தில் எங்கோ இறைச்சிக் கழிவோ மீன் கழிவோ திறந்து கிடக்கிறது. ஆள்காட்டிக் குருவி என்றால் ஓடுதளத்து ஓரப் புல்லில் பூச்சி இருக்கிறது, புல்லை எந்த உயரத்தில் வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உண்ணிக்கொக்கு என்றால் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, மண்புழு மேலே வருகிறது. புறா என்றால் பக்கத்துக் கட்டிடத்து இடுக்குகளில் கூடு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் எப்படி, அப்படித்தான் பட்டாசு போட்டு விரட்டுவதோடு நிறுத்திக்கொள்வதும். நாஞ்சில்நாட்டு வயல்காரர்கள் யாரையும் கேளுங்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டினால் மூன்று நாள் குருவி வராது, நான்காம் நாள் அந்த நாடா மேலேயே வந்து உட்காரும். வெடிச் சத்தமும் அதே மாதிரிதான், ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் பழகிவிடும். தீனி இருக்கும் வரை அது திரும்பி வரும்.

தீனி விஷயம் எனக்குத் தெரியும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ உயிர்க்கோழியில் கறியாகப் போவது 650, 700 கிராம். மீதி குடல், தோல், இறகு, தலை, கால். ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே இரண்டு நீல டிரம் நிறையும். காலை ஆறரைக்கு முதல் கோழியை உரிக்கும்போது வானத்தில் ஒன்றும் இருக்காது. டிரம் பாதி நிறைவதற்குள் பார்த்தால் மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கும், ஒரு நாள் எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்று சாய்ந்து இறங்கி காலால் குடலைப் பற்றித் தூக்கிக்கொண்டு போகும். எங்கும் உட்காராது, பறந்துகொண்டே காலை முன்னால் நீட்டி அலகால் கிழித்துத் தின்னும். வெயில் ஏற ஏற சூடான காற்றைப் பிடித்துச் சிறகை அசைக்காமலே மேலே மேலே போய்விடும்.

ராத்திரி ஒரு வண்டி வரும். கிலோவுக்கு இவ்வளவு என்று என்னிடம் காசு வாங்கிக்கொண்டு டிரம்மை எடுத்துப் போகும். எத்தனை வருடமாக! எங்கே கொட்டுகிறான் என்று நான் கேட்டதே கிடையாது. தம்பியை விட்டு வந்த அன்றைக்கு ராத்திரிதான் முதன்முதலாகக் கேட்டேன். "அண்ணாச்சி, அது எங்கயாவது போவும், நீங்க எதுக்கு அதெல்லாம் கேக்கிய?" என்றான். அதுக்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? காசு கொடுத்து என் கண் முன்னாலிருந்து எடுத்துப் போகச் சொன்னவன் நான்தான்.

என் கடைப் பருந்து போய் விமானத்தில் மோதியது என்று சொல்லவில்லை, அவ்வளவு தூரம் அது போகாது. ஆனால் வண்டி போகும். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வழியாக அந்தப் பக்கத்துக் கோழிக் கழிவும் மீன் கழிவும் இங்கே வருவதும், சோதனைச் சாவடியில் பிடிபடுவதும் எல்லோரும் படிக்கிற செய்திதான். நாற்றம் தாங்காமல் சனங்கள் வண்டியை மறிக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து ராத்திரி போகிற வண்டிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. சட்டம் இல்லாமலும் இல்லை. 1937-ம் வருடத்து விமான விதிகளில் 91-வது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆடு மாடு அறுக்கவோ, பறவையை இழுக்கிற மாதிரி குப்பையோ இறைச்சிக்கடை மீன்கடைக் கழிவோ போடவோ கூடாது என்கிறது. நம் மாவட்டத்தின் எல்லை அந்தப் பத்துக்குள் வராது. ஆனால் வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களில் நிறையப் பேர் ஏறி இறங்குவது திருவனந்தபுரத்தில்தானே. எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதற்காக நமக்குச் சம்பந்தம் இல்லாமல் போய்விடுமா?

ஒரு முக்கால் கிலோ பருந்து என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைக் கணக்குப் பார்த்தேன், என் மகள் பிளஸ் டூ பிசிக்ஸ் படிக்கிறாள், அவள்தான் போட்டுத் தந்தாள். விமானம் இறங்கும்போது மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் வரும், அதாவது நொடிக்கு 70 மீட்டர். அந்த வேகத்தில் முக்கால் கிலோ மோதினால், 50 கிலோ அரிசி மூட்டையைப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து போட்ட அடி. அதுவும் பரவலாக இல்லை, ஒரு கை அகலத்தில். இறங்குகிற விமானம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வீதம் தாழ்ந்து வருகிறது. ஓடுதளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அதன் உயரம் நூறு மீட்டர் சொச்சம், ஐந்து தென்னையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த உயரம். பருந்து வட்டம் போடுகிற உயரமும் அதுதான். அதனால்தான் இந்த மோதல்களில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கின்றன. அங்கே வைத்து விமானியால் ஒதுங்கவும் முடியாது.

2008 நவம்பரில் ரோம் நகரத்து சியம்பினோ விமான நிலையத்தில் ரையனேர் விமானம் ஒன்று இறங்கப் போகும் கடைசி நேரத்தில் இதே ஸ்டார்லிங் கூட்டம் இரண்டு இன்ஜினுக்குள்ளும் போய்விட்டது. மறுபடி மேலே எழும்பப் பார்த்தார்கள், இன்ஜினில் சக்தி இல்லை, தடாலென்று தரையில் வந்து விழுந்தது. யாரும் சாகவில்லை, விமானத்தை மட்டும் பிறகு பறக்க வைக்க முடியவில்லை. 2024 டிசம்பர் 29 எல்லோருக்கும் நினைவிருக்கும். தென்கொரியாவில் முவான், ஜெஜு ஏர். இறங்க வரும்போது பறவை அடித்து, சக்கரம் இறங்காமல் வயிற்றால் ஓடி, ஓடுதள முனைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதி, 181 பேரில் 179 பேர் போய்விட்டார்கள். அங்கே அந்த மேடு இல்லாமல் இருந்திருந்தால் என்ற பேச்சும் உண்டு. இரண்டு இன்ஜினிலும் இருந்த இறகையும் ரத்தத்தையும் சோதித்து, பைக்கால் கிளுவை என்ற காட்டு வாத்து என்று கண்டுபிடித்தார்கள். குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக அங்கே வருகிற பறவை. முவான் விமான நிலையம் இருப்பது கடலோரச் சதுப்புக்குப் பக்கத்தில்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டம்தான் கண்ணுக்குள் வந்தது. கன்னியாகுமரிக்கு விமான நிலையம் வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்கிறோம், எனக்கும் ஆசைதான், அம்மாவுக்கு மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டாமே. ஆனால் இங்கே சமதளமாகக் கிடக்கிற இடமெல்லாம் குளத்தையும் உப்பளத்தையும் ஒட்டித்தான் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியிருக்கின்றன, உலகம் முழுக்கக் காப்பாற்ற வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. தேரூரில் பாலத்துப் பக்கம் நின்று பார்த்தால் நாரையும் கூழைக்கடாவும் பார்க்கலாம். இன்ஜின் சோதனையில் பயன்படுத்துகிற மிகப் பெரிய பறவையின் எடை 3.65 கிலோ. அதையும் தாங்கித் தொடர்ந்து ஓட வேண்டும் என்றில்லை, வெடித்துச் சிதறாமல், தீப்பிடிக்காமல் நின்றால் போதும் என்பதுதான் விதி. வளர்ந்த கூழைக்கடா ஒன்று நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். இந்தப் பறவைகள் யார் குப்பைக்கும் வரவில்லை. நமக்கு முன்னாலேயே இங்கே இருப்பவை, மீன் தின்ன வருகின்றன, அவற்றை விரட்டக் கூடாது, விரட்டவும் முடியாது. அதனால் இடம் பார்க்கிறவர்கள் மண்ணையும் பட்டாவையும் பார்ப்பதோடு ஒரு வருடம் முழுக்க, முக்கியமாக அக்டோபர் முதல் மார்ச் வரை, காலையிலும் சாயங்காலத்திலும் எந்தப் பறவை எந்த உயரத்தில் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யட்டும்.

கழிவுப் பறவைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, அது முழுக்க நம் கையில் இருக்கிறது. கேரளத்தில் கோழிக் கழிவை வேகவைத்துக் கொழுப்பைப் பிரித்து, பொடியாக்கி, நாய்த் தீனிக்கும் மற்றதுக்கும் கொடுக்கிற ரெண்டரிங் ஆலைகள் வந்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் தினமும் கொண்டுபோய்க் கொடுக்க வசதியான தூரத்தில் அப்படி ஒன்று வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது கடையில் தராசு முத்திரையைப் பார்க்கிறார்கள், கழிவு எங்கே போனது என்பதற்கு ஒரு ரசீது கேட்கட்டும். கேட்டால் நாங்கள் முணுமுணுப்போம், ஆனால் வைத்துக்கொள்வோம். முடியாது என்று சொல்ல எதுவும் இல்லை. திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போவதற்காக வருடத்தில் இரண்டு நாள், சில மணி நேரம், விமானங்களையே நிறுத்தி வைக்கிறார்கள். ஊரும் விமான நிலையமும் பேசி வைத்தால் அதுவே நடக்கும்போது, ஒரு டிரம்முக்கு மூடி போடுவதா நடக்காது?

நான் மூடி போட்டுவிட்டேன். அந்த வண்டிக்காரனிடம் இப்போது கொடுப்பதில்லை, என் தோப்பில் ஆழமாகக் குழி எடுத்து சுண்ணாம்பு போட்டு மூடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கழிவுக்கு அது போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முப்பத்தொன்று வந்த இடத்தில் இப்போது நான்கோ ஐந்தோதான் வருகிறது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை இந்தச் செய்தி வரும்போது உங்கள் நிருபர் விமான நிலையத்துக்குப் போன் பண்ணி, என்ன பறவை, எத்தனை மணிக்கு, என்ன உயரத்தில் என்று கேட்கட்டும். தெரியாது என்று சொன்னால், சிறகை யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்கட்டும், கோயம்புத்தூரிலேயே சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. பதில் வராவிட்டால் வரவில்லை என்றே போடுங்கள். நான்கு வரி ஐந்து வரியாகும், அவ்வளவுதானே.

பருந்தை அடையாளம் பார்க்க வேண்டும் என்று நிருபருக்குத் தோன்றினால் என் கடைக்கு வரச் சொல்லுங்கள், காட்டித் தருகிறேன். ஆறரைக்கு வந்தால் சரியாக இருக்கும். வால் நுனி கவையாகப் பிரிந்திருந்தால் அது கள்ளப்பருந்து. வால் உருண்டு, தலையும் நெஞ்சும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறத்தில் இருந்தால் அது செம்பருந்து, நாம் கருடன் என்று கும்பிடுவது.

இப்படிக்கு,
கோழிக்கடைக்காரர் ஒருவர்,
தக்கலை அருகே, கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்